இத்தாலிய இலக்கியத்தில் காப்பிக் கடை

முன்னுரை

இலக்கியம் எங்கே பிறந்து வளர்கிறது என்று கேட்டால், அரசவையில், வழிபாட்டுத் தலத்தில், கல்விக்கூடத்தில் என்று விடை கூறுவது வழக்கம். இத்தாலிய உரைநடையைப் பொறுத்தமட்டில் இம்மூன்றோடு நான்காவதாக ஓர் இடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. அது காப்பிக் கடை.

காப்பிக் கடையா என்று முகம் சுளிப்போரும் இருக்கலாம். வேலையற்றோர் கூடி ஊர்வம்பு பேசும் இடத்திற்கும் இலக்கியத்திற்கும் என்ன உறவு என்று அவர்கள் வினவலாம். அவ்வினாவில் நியாயம் உண்டு. இத்தாலிய எழுத்தாளர்களே அதனை எழுப்பியிருக்கிறார்கள். விடை காணவும் முயன்றிருக்கிறார்கள். அம்முயற்சிகளுள் மூன்றினை எடுத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். முதலாவது, கார்லோ கொல்டோனி 1750ஆம் ஆண்டில் அரங்கேற்றிய 'காப்பிக் கடை' என்னும் நகைச்சுவை நாடகம். இரண்டாவது, மிலான் நகரத்து இளைஞர் சிலர் 1764 முதல் 1766 வரை நடத்திய 'காப்பி' என்னும் இதழ். மூன்றாவது, கிளாவுதியோ மாகிரிஸ் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நுண்ணுலகங்கள்' என்னும் நூலின் முதற்பகுதி.

இப்பழங்கடைகளின் கவர்ச்சி நூற்றாண்டுகள் கடந்தும் குன்றாதது ஏன்? பொன்முலாம் பூசிய சுவர்களையும் பளிங்கு மேசைகளையும் பழைய கண்ணாடிகளையும் காரணமாகக் காட்டுவோர் பலர். அது மேலோட்டமான விடை. ஒருவன் எவருடைய அழைப்புமின்றி உள்ளே நுழைந்து, அமர்ந்து, பிறர் பேசுவதைக் கேட்டுத் தானும் பேசலாம் என்னும் ஏற்பாடே அக்கடைகளின் உயிர் என்பது என் கருத்து. மேற்கூறிய மூன்று படைப்புகளும் அவ்வேற்பாட்டின் நன்மையையும் தீமையையும் ஆராய்பவை. ஆகவே அவற்றின் நிறைகுறைகளை மதிப்பிடவும் அதனையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

கடைகள் தோன்றிய வரலாறு

காப்பி இத்தாலிக்குக் கீழ்த்திசையிலிருந்து வந்த பொருள். வெனிஸ் நாட்டுத் தூதருக்கு மருத்துவராக எகிப்து சென்ற பிராஸ்பெரோ அல்பீனி, அங்குக் கண்ட காப்பிச் செடியைப் பற்றி 1592ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் துருக்கியரோடு வாணிகம் செய்த வெனிஸ் வணிகர்கள் காப்பிக் கொட்டையைக் கப்பலேற்றிக் கொணர்ந்தார்கள். தொடக்கத்தில் மருந்தாகக் கருதப்பட்ட பானம் நாளடைவில் பழக்கமாயிற்று, பழக்கம் கடையாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெனிஸ் நகரில் மட்டும் 200க்கு மேற்பட்ட காப்பிக் கடைகள் இருந்தன.

அவற்றுள் புகழ்மிக்கது 1720ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் சான் மார்கோ சதுக்கத்தில் புளோரியானோ பிரான்செஸ்கோனி என்பவர் திறந்த கடையாகும். 'வெற்றி வாகை சூடிய வெனிஸ்' என்னும் பொருள்பட அவர் அதற்குப் பெரியதொரு பெயரைச் சூட்டினார். மக்களோ கடைக்காரரின் பெயராலேயே அதனைப் 'புளோரியன்' என்று அழைத்தார்கள். 1797இல் நெப்போலியனின் படைக்கு முன் வெனிஸ் குடியரசு வீழ்ந்தது. வெற்றியைச் சொன்ன பெயர் மறைந்தது. கடைக்காரரின் பெயர் நின்றது. மக்கள் தங்கள் இடமாகக் கொண்டதற்குத் தாங்களே பெயரிடுவார்கள் என்பதற்கு இஃது ஒரு சான்று.

உரோம் நகரில் 1760ஆம் ஆண்டு முதல் அறியப்படும் 'கிரெக்கோ' கடை, வெளிநாட்டுக் கலைஞர்களின் புகலிடமாய் விளங்கிற்று. கெதேயும், உருசிய எழுத்தாளர் கோகலும் அங்கு வந்தமர்ந்தவர்கள். நிலையான முகவரி இல்லாத ஓவியர்கள் தங்களுக்கு வரும் கடிதங்களை அக்கடையின் முகவரிக்கே வரவழைத்துக்கொண்டார்கள். ஊரும் உறவும் இல்லாதவனுக்கு ஒரு கோப்பைக் காப்பியின் விலையில் ஒரு முகவரி கிடைத்தது என்றால், அக்கடை செய்த தொண்டு சிறிதன்று.

விருந்துக்குச் செல்ல அழைப்பு வேண்டும்; கல்விக் கழகத்தில் சேரத் தகுதி வேண்டும்; அரசவைக்குச் செல்லக் குலப்பெருமை வேண்டும். காப்பிக் கடைக்கோ கையில் சில காசுகள் போதும். மதுக்கடைக்கும் இவ்வியல்பு உண்டெனினும், மது அருந்தியவன் நேரம் செல்லச் செல்லத் தெளிவை இழப்பான். காப்பி அருந்தியவன் விழிப்புக் கொள்வான். விழித்திருப்போர் கூடிப் பேசினால் நேரக்கூடியவை இரண்டு. ஒன்று வம்பு, மற்றொன்று விவாதம். கொல்டோனி முன்னதை எழுதினார். மிலான் இளைஞர்கள் பின்னதை எழுதினார்கள்.

கொல்டோனியின் நாடகம்

வெனிசில் பிறந்த கொல்டோனி (1707–1793) வழக்கறிஞராய் இருந்து நாடக ஆசிரியரானவர். ஒரே பருவத்தில் பதினாறு புதிய நகைச்சுவை நாடகங்களைத் தருவதாக அவர் வாக்களித்து, அவ்வாறே நிறைவேற்றிய செய்தி இத்தாலிய நாடக வரலாற்றில் நன்கறியப்பட்டது. 'காப்பிக் கடை' அப்பதினாறனுள் ஒன்று.

நாடகம் முழுவதும் வெனிசின் ஒரு சிறு சதுக்கத்தில், ஒரே நாளில் நிகழ்கிறது. நடுவே காப்பிக் கடை. ஒரு புறம் முடிதிருத்தும் கடை. மறுபுறம் சூதாட்டக் கடை. அருகே ஒரு நடனமாதின் வீடும் பயணியர் விடுதியும் உள்ளன. திரை உயரும்போது விடியற்காலை. கடைக்காரர் ரிதோல்போ தம் ஏவலாளர்களை எழுப்பி வேலை வாங்குகிறார். சுமைதூக்குவோரும் இப்போது காப்பி குடிக்க வருகிறார்களே என்று ஏவலாள் வியக்க, முன்பு சாராயம் நடப்பில் இருந்தது, இன்று காப்பி நடப்பில் உள்ளது என்று கடைக்காரர் விளக்குகிறார். ஒரு சமுதாய மாற்றத்தைக் கடையின் விடியற்காலைப் பேச்சிலேயே ஆசிரியர் சொல்லிவிடுகிறார்.

கதை எளியது. யூஜேனியோ என்னும் துணி வணிகன் சூதில் பொருளிழக்கிறான். தன் மனைவியின் காதணிகளைக்கூட அடகு வைக்கிறான். ரிதோல்போ ஒரு காலத்தில் அவன் தந்தையிடம் பணிபுரிந்தவர். அந்நன்றியால் அவனைச் சூதிலிருந்து மீட்டு மனைவியோடு சேர்த்துவைக்கப் பாடுபடுகிறார். பொய்ப்பெயர் பூண்டு திரியும் வேறொருவனைத் தேடி அவன் மனைவி யாத்திரிகை வேடத்தில் வருகிறாள். அவர்களும் இறுதியில் இணைகிறார்கள்.

இவற்றுக்கிடையே நாள்தோறும் கடையில் வந்து அமர்ந்திருப்பவர் தோன் மார்சியோ என்னும் நேப்பிள்ஸ் நகரத்துப் பெருமகன். இந்நாடகம் இன்றும் வாழ்வது இவரால்தான். கண்ணாடியொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு போவோர் வருவோரை நோட்டமிடுவது இவர் தொழில். கண்டது பாதி, மீதியைத் தாமே கற்பித்துக்கொள்வார். ஒருவரிடம் கேட்டதை அடுத்தவரிடம் சொல்வார். மறைவாகச் சொல்கிறேன் என்று கூறி எல்லாரிடமும் சொல்வார். யாத்திரிகையாக வந்த நல்லாளைச் சென்ற ஆண்டு வந்த ஏமாற்றுக்காரி என்று சாதிப்பார். அவருக்குப் பகை எவரிடமும் இல்லை. தமக்கு ஒரு செய்தி தெரியும் என்று பிறர் எண்ண வேண்டும், அவ்வளவே. இத்தகைய மனிதரை நாம் அறியோமா? கொல்டோனியின் கூர்மை, இவரைக் கொடியவராகக் காட்டாமல் விட்டதில் இருக்கிறது.

நாடகத்தின் முடிவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. சூதாட்டக் கடைக்காரன் பாந்தோல்போ குறியிட்ட சீட்டுகளால் மக்களை ஏமாற்றுபவன். மாறுவேடத்தில் வந்த காவலர் தலைவனிடம், அவன் யாரென்று அறியாமல், தோன் மார்சியோ இம்மோசடியைச் சொல்லிவிடுகிறார். பாந்தோல்போ பிடிபடுகிறான். குற்றவாளி தண்டனை பெற்றான் என்று எவரும் மகிழவில்லை. ஒற்றன், ஒற்றன் என்று ஒவ்வொருவராகத் தோன் மார்சியோவைப் பழித்து விலகுகிறார்கள். அவர் ஊரைவிட்டு நீங்குவதோடு நாடகம் முடிகிறது.

அவர் எத்தனையோ பொய்களைப் பரப்பியபோது பொறுத்திருந்த ஊர், ஓர் உண்மையைச் சொன்னபோது அவரை ஒதுக்கியது ஏன்? இதனை நாடகத்தின் முரண்பாடு என்று குறை கூறுவது பொருந்தாது. வெனிஸ் அரசின் விசாரணை அதிகாரிகள் காப்பிக் கடைகளில் ஒற்றர்களை அமர்த்தி மக்களின் பேச்சைக் குறித்து வரச்செய்த காலம் அது. அழைப்பின்றி எவரும் நுழையலாம் என்றால் ஒற்றனும் நுழையலாம். வம்பளப்பவன் பேச்சைக் கெடுக்கிறான். ஒற்றன் பேச்சையே அச்சத்திற்குரியதாக்குகிறான். ஊர் மக்கள் தோன் மார்சியோவை நீக்கியது பாந்தோல்போவின்பால் கொண்ட அன்பினால் அன்று. தங்கள் கடையில் இனி வாய் திறக்க இயலாதே என்ற கவலையால்தான். நகைச்சுவைக்குள் இத்துணை அரசியலை வைத்தது கொல்டோனியின் சிறப்பு.

குறையும் உண்டு. ரிதோல்போ நல்லவர், அதனை அவரே அடிக்கடி சொல்லிக்கொள்கிறார். அவர் அறவுரை பகரும் இடங்களில் நாடகத்தின் நடை தளர்கிறது. தோன் மார்சியோ தோன்றியவுடன் மீண்டும் விரைவு கொள்கிறது. நல்லவரைச் சுவைபடப் படைப்பது தீயவரைப் படைப்பதினும் அரிது என்னும் உண்மையை மாணவர்கள் இங்கே கண்டுகொள்ளலாம்.

மற்றொரு செய்தியும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. முதலில் இந்நாடகத்தில் மரபுவழி வந்த முகமூடிப் பாத்திரங்கள் வெனிஸ் வட்டார வழக்கில் பேசின. நூலாக அச்சிட்டபோது ஆசிரியர் முகமூடிகளை நீக்கி, அவர்களை ரிதோல்போ என்றும் திராப்போலா என்றும் பெயருடைய மனிதர்களாக்கி, எல்லா ஊராரும் படிக்கும்பொருட்டுத் தொஸ்கானியப் பொதுமொழிக்கு உரையாடலை மாற்றினார். ஒரு கடைவாசலின் பேச்சு நாட்டின் பேச்சாக மாற வேண்டுமானால் எம்மொழியில் எழுதுவது? இவ்வினா அடுத்த படைப்பில் போராகவே வெடித்தது.

மிலானின் 'காப்பி' இதழ்

1764ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'காப்பி' என்னும் இதழ் வெளிவரத் தொடங்கிற்று. இத்தாலிய மொழியில் அச்சொல் பானத்தையும் குறிக்கும், கடையையும் குறிக்கும். பத்து நாளுக்கு ஒருமுறையாக 1766 மே மாதம் வரை 74 இதழ்கள் வந்தன. நடத்தியவர்கள் பியெத்ரோ வெர்ரி, அவர் தம்பி அலெசாண்ட்ரோ வெர்ரி, சேசரே பெக்காரியா முதலிய இளைஞர்கள். மூத்தவரான பியெத்ரோவுக்கு அப்போது முப்பத்தாறு வயதுகூட நிரம்பவில்லை. மிலான் அந்நாளில் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. தணிக்கையின் தொல்லை கருதி, வெனிஸ் ஆட்சிக்குட்பட்ட பிரேஷா நகரில் இதழை அச்சிட்டார்கள். இலண்டனில் அடிசனும் ஸ்டீலும் நடத்திய 'ஸ்பெக்டேட்டர்' இதழே அவர்களுக்கு வழிகாட்டி.

முதல் இதழில் பியெத்ரோ ஒரு கற்பனைக் கடையைப் படைக்கிறார். கிரேக்கத் தீவொன்றில் பிறந்த தெமேத்ரியோ என்பவர் துருக்கியர் ஆட்சியை வெறுத்து நாட்டை விட்டு நீங்கி, மோக்கா சென்று காப்பி வாங்கி, இத்தாலிக்கு வந்து மிலானில் கடை திறக்கிறார். அக்கடையில் காப்பி என்று சொல்லத்தக்க காப்பி கிடைக்கிறது. பல நாட்டுச் செய்தித் தாள்கள் கிடைக்கின்றன. அங்குக் கூடுவோர் பேசுவதைக் கேட்டு எழுதியதே இவ்விதழ் என்று ஆசிரியர் கூறுகிறார்.

இனி, கற்பனை விலகிய உண்மை நிலையைப் பார்ப்போம். இவ்விளைஞர்கள் உயர்குடியில் பிறந்த செல்வர்கள். அவர்கள் கூடி விவாதித்தது பியெத்ரோ வெர்ரியின் இல்லத்தில். காப்பிக் கடையில் அன்று. 'கைக்குத்துக் கழகம்' என்று தங்கள் கூட்டத்திற்கு வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார்கள். மாளிகையில் பேசியவர்கள், தாங்கள் கடையில் பேசியதாக எழுதக் காரணம் யாது?

இவ்வினாவில்தான் இதழின் பெருமை அடங்கியுள்ளது. மாளிகையில் நிகழும் பேச்சு அழைக்கப்பட்டோருக்கு உரியது. படிப்பவன் வெளியே நிற்கிறான். கடையில் நிகழும் பேச்சுக்கு நடுவே படிப்பவனும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். கடை என்பது அவர்களுக்கு ஓர் இலக்கிய உத்தி. அதனினும் மேலாக, எவருக்காக எழுதுகிறோம் என்பதைப் பற்றிய உறுதிமொழி.

பொருளும் அவ்வுறுதிமொழிக்கு ஏற்பவே அமைந்தது. வேளாண்மை, வாணிகம், சட்டம், இசை, அம்மை நோய்க்குத் தடுப்பாகப் பால் குத்துதல் என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். பெக்காரியா சீட்டாட்டத்தையும் கள்ளக் கடத்தலையும் கணிதத்தால் ஆராய்ந்தார். கொல்டோனி சூதாடியைப் பார்த்து நகைத்தார். பெக்காரியா சூதின் கணக்கைப் பிரித்துக் காட்டினார். பதினான்கு ஆண்டு இடைவெளியில் காப்பிக் கடையின் பேச்சு வம்பிலிருந்து விவாதத்திற்கு வளர்ந்ததை இங்கே காண்கிறோம்.

இதே நண்பர் கூட்டத்தின் தூண்டுதலால் பெக்காரியா எழுதிய 'குற்றங்களும் தண்டனைகளும்' என்னும் சிறு நூல் 1764இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. சித்திரவதையும் மரண தண்டனையும் அறிவுக்கும் நீதிக்கும் ஒவ்வாதவை என்று அது வாதிட்டது. 1766இல் திருச்சபை அதனைத் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. எனினும் ஐரோப்பா எங்கும் அது படிக்கப்பட்டது. 1786ஆம் ஆண்டு தொஸ்கானா நாட்டு மன்னர் மரண தண்டனையைச் சட்டத்திலிருந்தே நீக்கினார். நண்பர்கள் பேசிய பேச்சு இருபத்திரண்டு ஆண்டுகளில் தூக்குமேடையை அகற்றியது என்றால், பேச்சு வீண் என்பார்க்கு வேறு விடை வேண்டுவதில்லை.

சொல்லா, பொருளா?

தமிழாசிரியர்கள் இவ்விதழில் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது, அலெசாண்ட்ரோ வெர்ரி எழுதிய ஒரு குறுங்கட்டுரை. அதன் பின்னணி இது. 1583இல் புளோரன்சில் நிறுவப்பட்ட குருஸ்கா கழகம், 1612இல் ஒரு பேரகராதியை வெளியிட்டது. பதினான்காம் நூற்றாண்டுத் தொஸ்கானியப் பேராசிரியர்கள் ஆண்ட சொற்களே தூயவை என்பது அக்கழகத்தின் நெறி. அவ்வகராதியில் இல்லாத சொல்லை ஆள்பவன் பிழை செய்தவனாகக் கருதப்பட்டான்.

அலெசாண்ட்ரோ தம் கட்டுரையைச் சட்டப் பத்திரம் போல் அமைத்தார். பத்திரப் பதிவாளர் முன்னிலையில் 'காப்பி' இதழின் ஆசிரியர்கள் அவ்வகராதியின் தூய்மையைத் துறந்துவிட்டதாக முறைப்படி அறிவிக்கிறார்கள். தாந்தேயும் பெத்ரார்க்காவும் பொக்காச்சியோவும் புதுச்சொல் படைக்கும் உரிமை உடையவராயிருந்தால் அவ்வுரிமை பிற்காலத்தவருக்கு ஏன் இல்லை என்று அவர் கேட்கிறார். கருத்தைத் தெளிவாக உணர்த்துமானால் பிறமொழிச் சொல்லையும் இத்தாலிய வடிவில் ஏற்போம் என்கிறார். சொற்களைவிடப் பொருளே முதன்மை என்பது அவர்களின் கொள்கை.

இக்கட்டுரையைப் படிப்போர் இரு பிரிவாகப் பிரிந்து நிற்பது இயல்பு. மொழியின் மரபைக் காப்பவர்கள் இதனை இளமைத் துடுக்கு என்பார்கள். புதுமை நாடுவோர் இதனை விடுதலைப் பத்திரம் என்பார்கள். நடுநின்று நோக்கினால் இரண்டிலும் உண்மை உண்டு. அகராதியை ஒருவன் அழைப்பிதழாகக் கையில் வைத்துக்கொண்டு, இச்சொற்களை அறிந்தவனே உள்ளே வரலாம் என்று கூறுவானாயின், அவன் கடையை மூடி மாளிகையைத் திறக்கிறான். அலெசாண்ட்ரோ எதிர்த்தது அதனைத்தான்; அந்த அளவில் அவர் வாதம் வலிவுடையது. ஆனால் கண்ட சொற்களையெல்லாம் ஏற்பதும் பொதுமக்களுக்குக் கதவைத் திறப்பதாகாது. பிரெஞ்சு கற்றவனுக்கே விளங்கும் சொல், பழம்புலவனுக்கே விளங்கும் சொல்லைப் போலவே மற்றவனை வெளியே நிறுத்துகிறது. பரபரப்பான இக்கட்டுரை அந்த இரண்டாம் ஆபத்தைப் போதிய அளவு எண்ணவில்லை என்பது என் மதிப்பீடு.

காலம் செய்த விந்தையையும் இங்குச் சொல்ல வேண்டும். 1767 முதல் உரோமில் வாழ்ந்த அலெசாண்ட்ரோ, பிற்காலத்தில் தொன்மை போற்றும் செவ்வியல் நடையையே விரும்பி எழுதினார். இளமையில் எரித்த அகராதியை முதுமையில் அவரே நாடினார் எனலாம். இதனைக் கொண்டு அவரை நகைக்க வேண்டுவதில்லை. மரபும் புதுமையும் ஒரே மனிதனின் உள்ளத்தில் வழக்காடுகின்றன என்பதற்கு அவர் வாழ்வு ஓர் எடுத்துக்காட்டு. வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. தமிழ் கற்பிப்போர் இதனை நன்கு அறிவர்.

கதவில்லாத கடை

வெர்ரி கற்பனையில் கண்ட கடையைப் பாதுவா நகரில் கட்டடமாகவே எழுப்பியவர் அந்தோனியோ பெத்ரோக்கி. சிற்பி ஜுசெப்பே யாப்பெல்லி வடிவமைத்த அம்மாளிகை 1831இல் திறக்கப்பட்டது. 1916 வரை அது இரவும் பகலும் மூடப்படவில்லை. ஆகவே 'கதவில்லாத கடை' என்று பெயர் பெற்றது. வெள்ளை, சிவப்பு, பச்சை என மூன்று கூடங்கள். பச்சைக் கூடத்தில் எதுவும் வாங்காமலே அமர்ந்து செய்தித் தாள் படிக்கலாம். அருகே 1222ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பல்கலைக்கழகம் இருந்தமையால் கையில் காசில்லாத மாணவர்க்கு அக்கூடம் ஒரு படிப்பகமாயிற்று. ஒரு கோப்பையின் விலையையும் நீக்கியபோது அழைப்பின்மை என்னும் கொள்கை முழுமை பெற்றது.

1848 பிப்ரவரி 8ஆம் நாள் ஆஸ்திரியப் படையினரை எதிர்த்துப் பாதுவா மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கடைக்குள்ளும் குண்டு பாய்ந்தது. வெள்ளைக் கூடத்தின் சுவரில் அத்தழும்பை இன்றும் காணலாம். பேச்சுக்கு இடம் கொடுத்த சுவர், பேச்சின் விலையையும் ஏற்றுக்கொண்டது.

மாகிரிசின் மேசை

மூன்றாவது படைப்புக்குக் களம் திரியெஸ்தே துறைமுகம். 1719 முதல் சுங்கமற்ற துறைமுகமாய் வளர்ந்த அந்நகரம் முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியப் பேரரசின் பகுதி. இத்தாலியரும், சுலோவேனியரும், செருமானியரும், யூதரும், கிரேக்கரும் கலந்து வாழ்ந்த ஊர். ஜேம்ஸ் ஜாய்ஸ் ஆங்கிலம் கற்பித்து வாழ்ந்ததும், அவரிடம் ஆங்கிலம் கற்றவருள் ஒருவராக இத்தாலோ ஸ்வேவோ விளங்கியதும் இங்கேதான். 1914 ஜனவரியில் இந்நகரில் 'சான் மார்கோ' என்னும் காப்பிக் கடை திறக்கப்பட்டது. இத்தாலியோடு இணைய விரும்பிய இளைஞர்கள் அங்குக் கூடினார்கள். 1915 மே 23ஆம் நாள், இத்தாலி போர் அறிவித்த அன்றே, ஆஸ்திரியப் படையினர் கடையை அடித்து நொறுக்கினார்கள். பின்னர் அது மீண்டும் உயிர் பெற்றது.

1939இல் திரியெஸ்தேயில் பிறந்த மாகிரிஸ், செருமானிய இலக்கியப் பேராசிரியர். பல்லாண்டு அக்கடையின் மேசையில் அமர்ந்து எழுதியவர். 'நுண்ணுலகங்கள்' என்னும் அவர் நூல் அக்கடையில் தொடங்குகிறது. அந்நூலுக்கு 1997ஆம் ஆண்டின் ஸ்திரேகா பரிசு கிடைத்தது.

இதில் கதையில்லை; வாதமில்லை. சதுரங்கம் ஆடுவோர், தேர்வுக்குப் படிக்கும் மாணவர், செய்தித் தாளுக்குள் முகம் புதைத்தோர் என வந்துபோவோரை ஆசிரியர் ஒவ்வொருவராகப் பார்க்கிறார். சுவரில் தீட்டிய முகமூடிகள் அவர்களைப் பார்க்கின்றன. கொல்டோனி தம் நாடகத்திலிருந்து முகமூடிகளை நீக்கினார்; மாகிரிசோ அவற்றின் கீழே அமர்ந்து எழுதுகிறார். நோவாவின் பேழையில் எல்லா உயிர்க்கும் இடம் கிடைத்ததுபோல் இக்கடையில் எல்லார்க்கும் இடம் உண்டு என்பது அவர் உவமை. ஒரே கூட்டத்தார் மட்டும் கூடும் கடை உண்மையான காப்பிக் கடை ஆகாது என்றும் அவர் கருதுகிறார். அறிஞர் மட்டும் கூடினாலும் அது போலியே.

தோன் மார்சியோவும் பிறரை நோட்டமிட்டார், மாகிரிசும் நோட்டமிடுகிறார். வேறுபாடு யாது? முன்னவர் கண்டவுடன் தீர்ப்பளித்தார். பின்னவர் தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு மேலும் பார்க்கிறார். எழுத்தாளன் வம்பளப்பவனிடமிருந்து பிரியும் இடம் இதுவேயாகும்.

நடையைப் பொறுத்தவரை ஒரு குறை சொல்லலாம். நீண்ட வாக்கியங்களில் பெயர்களும் நினைவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. மத்திய ஐரோப்பிய வரலாறு அறியாதவன் இடறி விழுகிறான். எல்லார்க்கும் இடமுள்ள கடையைப் பாடும் நூல், படிப்பவனிடம் இத்துணை முன்னறிவை எதிர்பார்ப்பது முரண்தானே?

எழுதாமல் விட்டவை

அழைப்பின்றி எவரும் வரலாம் என்னும் கொள்கைக்கு உண்மையில் எல்லை இருந்தது. 18ஆம் நூற்றாண்டு வெனிசில் பெண்கள் காப்பிக் கடைக்குள் நுழைவதை அரசு தடைசெய்ததுண்டு. கொல்டோனியின் நாடகத்திலும் ஆடவர் கடையில் வீற்றிருக்க, பெண்களோ சாளரத்திலும் தெருவிலும் முகத்திரைக்குப் பின்னும் நிற்கிறார்கள். 'காப்பி' இதழின் கற்பனைக் கடையிலும் ஆடவர் குரலே ஓங்கி ஒலிக்கிறது.

கோப்பைக்குள் இருந்த பொருளின் கதையும் சொல்லப்படவில்லை. தெமேத்ரியோ மோக்காவில் காப்பி வாங்கிய கதையைச் சொன்ன வெர்ரியின் காலத்திலேயே, கரிபியத் தீவுகளில் அடிமைகள் பயிரிட்ட காப்பி ஐரோப்பியச் சந்தைகளை நிரப்பத் தொடங்கியிருந்தது. அடுத்த நூற்றாண்டில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்களை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள். மலாயாவில் இரப்பருக்கு முன் காப்பி பயிரிடப்பட்டபோதும் தமிழர் பலர் அத்தோட்டங்களில் உழைத்தார்கள். கொட்டையை விளைவித்தவனுக்கு அம்மேசைகளில் இடம் இருந்ததில்லை. அவனைப் பற்றிய பேச்சும் இருந்ததில்லை. சித்திரவதையை எதிர்த்து எழுந்த குரலை நாம் போற்றுகிறோம். அக்குரலுக்கு விழிப்பூட்டிய பானம் எவர் உழைப்பால் வந்தது என்பதையும் எண்ணிப் பார்ப்பது திறனாய்வாளர் கடன்.

முடிவுரை

கலை நயத்தால் கொல்டோனியின் நாடகமே மூன்றனுள் தலைசிறந்தது. விளைவால் மிலான் இளைஞர்களின் இதழ் உயர்ந்தது. அடக்கத்தால் மாகிரிசின் நூல் உயர்ந்தது. பேச்சு எவ்வாறு கெடும் என்பதை முதலாவது காட்டிற்று. எவ்வாறு பயன்படும் என்பதை இரண்டாவது காட்டிற்று. பிறர் பேசக் கேட்டு அமைதியாக இருத்தலும் ஒரு கலை என்பதை மூன்றாவது காட்டிற்று.

இன்று அக்கடைகள் பல, காட்சிப் பொருளாகிவிட்டன. புளோரியனில் அமர்ந்து காப்பி அருந்த மிகுந்த பொருள் வேண்டும். உரோமின் கிரெக்கோ கடையின் பழமையை 1953இல் அரசு பாதுகாப்புக்குரியதாக அறிவித்தது. ஆயினும் 2017இல் குத்தகைக் காலம் முடிந்தபின் கட்டட உரிமை பற்றி நீண்ட வழக்கு எழுந்தது. சுவரையும் நாற்காலியையும் சட்டத்தால் காக்கலாம். அங்கு நிகழும் பேச்சைக் காப்பவர்கள் அமர்ந்திருக்கும் மனிதர்கள்தாம். சான் மார்கோ கடைக்குள் 2013இல் ஒரு புத்தகக் கடையும் சேர்ந்தது என்பது ஆறுதல் தரும் செய்தி.

நேப்பிள்ஸ் நகரில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒருவர் ஒரு காப்பி குடித்துவிட்டு இரண்டுக்குப் பணம் கொடுப்பார். மற்றொன்று, பின்னர் வரும் முகமறியாத ஏழை ஒருவனுக்கு. அவன் வந்து, எனக்கென்று ஏதேனும் உண்டா என்று கேட்டால் கடைக்காரர் கொடுத்துவிடுவார். கொடுத்தவர் யாரென்று அவனுக்குத் தெரியாது. பெற்றவன் யாரென்று இவருக்கும் தெரியாது. நல்ல உரைநடையும் ஏறத்தாழ இத்தகையதே. எழுதியவன் விலையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். எவனோ ஒருவன், என்றோ ஒருநாள், அழைப்பின்றி வந்து பெற்றுக்கொள்கிறான். அவனுக்கு விளங்கும்படி எழுதுவது எழுதுவோர் கடமை. அவன் துணிந்து உள்ளே நுழையும்படி கற்பிப்பது ஆசிரியர் கடமை.